தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் காவல் வியாபாரம்

அமெரிக்காவில் ஒரு வியாபாரம் ஓஹோவென்று நடக்கிறது. தொழிலாளி துப்பாக்கிக் குண்டுக்குப் பலியாகிறான். பிணம் அடக்கமாவதற்குள் காவல் கருவி வியாபாரி முதலாளியின் வாசலுக்கு வந்துவிடுகிறான். "இதோ, ஆயுதத்தைக் கண்டுபிடிக்கும் வாசல்! இதோ, வெடிச் சத்தத்தைக் கேட்டதும் போலீசைக் கூப்பிடும் கருவி! இதோ, முகத்தைப் பார்த்தே ஆளை அறியும் காமிரா! வாங்கி மாட்டுங்கள், கவலை தீர்ந்தது!" என்று கூவுகிறான். முதலாளி வாங்கி மாட்டுகிறான். மாட்டிய கையோடு, "என் கடமை முடிந்தது" என்று ஒதுங்கிக்கொள்கிறான்.

முடிந்ததா கடமை? கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கம்ப்யூட்டர் கம்பெனிகளின் தலைநகரம் அது. யந்திரத்தால் தொழிலாளியின் உயிரைக் காக்க முடியுமானால் முதலில் அங்கேதான் காத்திருக்க வேண்டும்!

சாவின் கணக்கு

முதலில் நாடு முழுவதன் கணக்கு. 2023ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 46,000க்கும் அதிகம். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. அதே ஆண்டில் வேலை செய்யும் இடத்தில் கொலையுண்டவர்கள் 458 பேர் என்கிறது அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவர இலாகா. இந்தக் கொலைகளில் பெரும்பாலானவை துப்பாக்கியால் நடந்தவை. சாகிறவர்கள் யார்? ராத்திரி ஷிப்டில் தனியாகக் கல்லாவில் உட்காருகிறவன், டாக்சி ஓட்டுகிறவன், கடையில் சரக்கு அடுக்குகிறவள். கம்பெனி டைரக்டர்களின் பெயரை அந்தப் பட்டியலில் தேடித்தான் பார்க்க வேண்டும்!

சாவி அவன் கையிலேயே இருந்தது

2021 மே 26, சான் ஹோசே நகரம். பொதுப் போக்குவரத்துக் கழகத்தின் ரயில் பணிமனை. காலை ஆறரை மணிக்குச் சற்றுப் பின்பு ஒருவன் உள்ளே நுழைந்து ஒன்பது தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்றான். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான்.

அவன் எந்தச் சுவரையும் ஏறிக் குதிக்கவில்லை. எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அவன் அங்கேயே பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். வாசல் அவனுக்குத் திறக்கும் வாசல். கார்டைக் காட்டினால் வழிவிடும் கதவுக்கு, வந்தவன் வேலைக்கு வந்தானா, கொல்ல வந்தானா என்று தெரியுமா?

போலீஸ் தூரத்தில் இருந்ததா? அதுவும் இல்லை. ஷெரீபின் தலைமை அலுவலகம் பக்கத்திலேயே இருந்தது. சில நிமிஷங்களில் காவலர்கள் வந்துவிட்டார்கள். அந்தச் சில நிமிஷங்களில்தான் ஒன்பது குடும்பங்கள் நாசமாயின. அவனிடம் மூன்று கைத்துப்பாக்கிகளும், அம்மாநிலச் சட்டம் தடுத்துள்ள பெரிய தோட்டாக் கூடுகள் முப்பதுக்கு மேலும் இருந்தன.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 2016லேயே, அவன் வெளிநாடு போய்த் திரும்பியபோது, தன் வேலையிடத்தை வெறுத்து எழுதிய குறிப்புகளைச் சுங்க அதிகாரிகள் அவனிடம் கண்டார்கள். கண்டதைக் கோப்பில் எழுதினார்கள். ஐந்தாண்டுக்குப் பிறகு பணிமனையில் பிணங்கள் விழுந்தன. தகவல் இல்லாமல் போகவில்லை. தகவலை வைத்துக்கொண்டு தொழிலாளியைக் காக்கும் ஏற்பாடுதான் இல்லை. எந்தக் காமிரா இதைச் சரிசெய்யும்?

நூறு டாலர் பில்

2023 ஜனவரி 23. கடற்கரை ஓரத்து ஊரான ஹாஃப் மூன் பே. இரண்டு காளான் பண்ணைகளில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செத்தவர்கள் சீனாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள். சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவனும் பண்ணைத் தொழிலாளிதான். ஃபோர்க்லிஃப்ட் வண்டி சேதமானதற்கு நூறு டாலர் கட்டு என்று மேலாளர் பில் கொடுத்ததே அவனுடைய ஆத்திரத்தைக் கிளப்பியது என்று அரசு வழக்கறிஞர் தெரிவித்தார்.

நூறு டாலருக்காக ஏழு கொலை நியாயமாகிவிடுமா? ஒருபோதும் ஆகாது. செத்தவர்களும் அதே சேற்றில் உழன்ற ஏழைகள். ஆனால் அந்தச் சேறு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டாமா?

தொழிலாளிகள் சரக்குப் பெட்டகங்களில் குடியிருக்கிறார்கள், மணிக்கு 9 டாலர் வாங்குகிறார்கள் என்று மாநிலக் கவர்னரே சொன்னார். அந்த ஆண்டு கலிபோர்னியாவின் சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர் 50 சென்ட்! ஒரு பண்ணையின் தரப்பு கவர்னர் சொன்னதை மறுத்தது. பிறகு மத்திய தொழிலாளர் இலாகா விசாரணைக்கு வந்தது. 62 தொழிலாளிகளுக்குக் கூலிப் பாக்கியும் நஷ்ட ஈடுமாக நான்கு லட்சம் டாலருக்கு மேல் வாங்கிக் கொடுத்தது. பாக்கியே இல்லையென்றால் வாங்கிக் கொடுத்தது எதை?

இன்னொரு விஷயம். 2022 ஜூலையில், அதாவது ஏழு மாதத்துக்குள், அவற்றில் ஒரு பண்ணையில் ஏற்கெனவே ஒரு துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. அதற்குப் பிறகும், இப்படி ஆபத்து வந்தால் தொழிலாளிகளுக்கு எப்படி எச்சரிக்கை தருவது, எங்கே ஒதுங்கச் சொல்வது என்று ஒரு திட்டம் கிடையாது. ஏழு பேர் செத்த பிறகு மாநிலத் தொழில் பாதுகாப்பு இலாகா இரு பண்ணைகளிலும் கண்ட பல குற்றங்களுக்கும் சேர்த்துச் சுமார் 1,65,000 டாலர் அபராதம் போட்டது. முதல் துப்பாக்கிச் சூட்டின்போதே சர்க்கார் கண் விழித்திருந்தால்? கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்!

யந்திரத்தின் யோக்கியதை

சரி, யந்திரமாவது சொன்னபடி வேலை செய்கிறதா? மாநிலத்துக்கு மாநிலம் விற்கப்படும் சரக்கு அது. ஆகவே அது வெளியே சோதிக்கப்பட்ட கதையையும் பார்ப்போம்.

இவால்வ் என்றொரு கம்பெனி. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆயுதத்தை மட்டும் பிடிக்கும், சாதாரணப் பொருளை விட்டுவிடும் வாசல் என்று விளம்பரம் செய்தது. 2024 கோடையில் நியூயார்க் நகரின் சுரங்க ரயில் நிலையங்களில் ஒரு மாத காலம் அதைச் சோதித்தார்கள். 2,749 முறை ஆட்களைச் சோதித்ததில் பொய் எச்சரிக்கை 118. அகப்பட்ட கத்தி 12. அகப்பட்ட துப்பாக்கி எத்தனை? ஒன்றுகூட இல்லை! அதே ஆண்டு நவம்பரில் மத்திய வர்த்தகக் கமிஷன், தன் கருவியைப் பற்றி இக்கம்பெனி பொய்யான விளம்பரம் செய்தது என்று புகார் தொடுத்தது. இனி அப்படிச் சொல்வதில்லை என்ற ஏற்பாட்டுக்குக் கம்பெனி உடன்பட்டது. கேப்பையில் நெய் வடிகிறது என்று விற்றவன் விற்றான். வாங்கியவர்களுக்கு மதி எங்கே போயிற்று?

கருவி யார் கையில்?

"ஓர் உயிரையாவது காப்பாற்றினால் நல்லதுதானே? யந்திரத்தையே எதிர்க்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை, ஐயா! நாம் யந்திரத்தை எதிர்க்கவில்லை. அது யாருக்காக, யார் சொல்லி, எதைக் காக்க மாட்டப்படுகிறது என்று கேட்கிறோம்.

அதே கலிபோர்னியாவில் நாபா என்னும் ஊரில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 2010 அக்டோபரில் அங்கே ஒரு பெண் ஊழியரை நோயாளி ஒருவன் கழுத்தை நெரித்துக் கொன்றான். அங்கே துப்பாக்கி இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். ஊழியர்களுக்குத் தரப்பட்டிருந்த அபாய மணி கட்டிடத்துக்குள் மட்டும்தான் வேலை செய்யும். அவர் தாக்கப்பட்டதோ வெளி வளாகத்தில்! ஊழியர்கள் கொதித்தெழுந்தார்கள், போராடினார்கள். வளாகம் முழுவதும் வேலை செய்யும் புதிய மணி வந்தது. இதுவும் யந்திரம்தான். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று அறிந்த தொழிலாளி கேட்டு வாங்கிய யந்திரம். இதை வரவேற்கிறோம்.

முதலாளி தானாக மாட்டும் யந்திரம் எதைச் செய்கிறது? ஒரு பிரம்மாண்டமான ஆன்லைன் வியாபாரக் கம்பெனியின் கலிபோர்னியாக் கிடங்குகளைப் பாருங்கள். எவ்வளவு வேலை செய்தால் தண்டனை வராது என்பதைத் தொழிலாளிக்கு எழுத்தில் தெரிவிக்கவில்லை என்று 2024ல் இரண்டு கிடங்குகளுக்கு 59 லட்சம் டாலர் அபராதம் விதித்தார் மாநிலத் தொழிலாளர் கமிஷனர். கம்பெனி மறுத்தது. ஆளை நிமிஷத்துக்கு நிமிஷம் அளக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த ஆளிடம் ஒரு கடுதாசி கொடுக்கத் தெரியவில்லை! இவர்கள் மாட்டும் காமிரா தொழிலாளிக்குக் காவலா, தொழிலாளி மேல் காவலா?

சட்டமும் அதன் ஓட்டையும்

சான் ஹோசேயில் சிந்திய ரத்தம் வீண்போகவில்லை. அந்தப் பகுதியின் செனட்டர் கொண்டுவந்த 553வது மசோதா 2023ல் சட்டமாகி, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி பெரும்பாலான முதலாளிகள் வேலையிட வன்முறையைத் தடுக்க எழுத்து மூலமான திட்டம் வைத்திருக்க வேண்டும். அதைத் தயாரிப்பதில் தொழிலாளிகளுக்குப் பங்கு தர வேண்டும். பயிற்சி தர வேண்டும். நடந்த சம்பவங்களைப் பதிவு செய்ய வேண்டும். மிரட்டலுக்கு ஆளான தொழிலாளிக்காகத் தொழிற்சங்கமே கோர்ட்டில் தடை உத்தரவு கேட்கும் உரிமையும் 2025 முதல் வந்திருக்கிறது. இவை வெற்றிகள். இவற்றில் எதுவும் மின்சாரத்தில் ஓடுவதல்ல!

ஆனால் ஓட்டையைப் பாருங்கள். கடையில் திருடுகிறவனைப் போய்ப் பிடி என்று சிப்பந்தியை ஏவக் கூடாது என்று மசோதாவில் முதலில் ஒரு ஷரத்து இருந்தது. கடை முதலாளிகள் கூச்சல் போட்டார்கள். ஷரத்து பறந்துவிட்டது! சோப்புக் கட்டிக்காகச் சிப்பந்தி குண்டடிபடலாம். சோப்புக் கட்டி மட்டும் போகக் கூடாது.

இன்னொன்று. ஆபத்தானவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிமுதல் செய்யக் கோர்ட்டில் மனுச் செய்யும் உரிமை 2020ல் சக தொழிலாளிக்கும் கிடைத்தது. நல்லதுதான். ஆனால் அதற்கு முதலாளியின் சம்மதம் வேண்டும் என்று முடிச்சுப் போட்டார்கள். என் பக்கத்தில் நிற்பவன் என்னைச் சுடப்போகிறான் என்று சொல்லவும் எசமானிடம் அனுமதிச் சீட்டா?

துப்பாக்கி வியாபாரிக்குக் கவசம்

எல்லாவற்றுக்கும் மூலம் எங்கே? அந்நாட்டில் ஜனத்தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகம். 2005ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. துப்பாக்கியைக் கொண்டு ஒருவன் குற்றம் செய்தால், அதைச் செய்து விற்ற கம்பெனி மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போடுவதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. தொழிலாளிக்குக் கவசம் இல்லை. துப்பாக்கிக் கம்பெனிக்குக் கவசம் உண்டு! ஒருவன் துப்பாக்கி விற்று லாபம் சேர்க்கிறான். இன்னொருவன் துப்பாக்கியைப் பிடிக்கும் யந்திரம் விற்று லாபம் சேர்க்கிறான். நடுவில் நிற்பவன் சாகிறான்.

"துப்பாக்கியா கொல்கிறது? மனிதன்தானே கொல்கிறான்!" என்பது இவர்களுடைய பழைய பாட்டு. கடுமையான துப்பாக்கிச் சட்டங்கள் உள்ள கலிபோர்னியாவில் துப்பாக்கிச் சாவு விகிதம் நாட்டின் சராசரியைவிட மிகக் குறைவு. மிசிசிப்பியில் மிக அதிகம். மனிதர்கள் இரு மாநிலத்திலும் மனிதர்கள்தானே? சட்டம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே கலிபோர்னியத் தொழிலாளியின் நியாயம் தெளிவானது. துப்பாக்கியை விற்பவனைப் பொறுப்பாளியாக்கு. ராத்திரி ஷிப்டில் தனி ஆளை நிறுத்தாதே. கூலிப் பாக்கியையும் அவமானத்தையும் புகைய விடாதே. புகார் சொல்லவும் தீர்வு பெறவும் சங்கத்துக்கு இடம் கொடு. மிரட்டல் வந்தால் வேலையை நிறுத்தி வெளியேறுகிறவனுக்குச் சம்பளத்தைப் பிடிக்காதே. சக தொழிலாளியின் மனுவுக்கு எசமான் சம்மதம் என்னும் முடிச்சை அவிழ். எந்தக் கருவி, எங்கே, எதற்கு என்பதைத் தொழிலாளியைக் கேட்டு முடிவு செய்.

இத்தனையும் செய்த பிறகு வாசலில் யந்திரம் வை. வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இவற்றில் ஒன்றையும் செய்யாமல் யந்திரத்தை மட்டும் வைக்கிறவன் காப்பது தொழிலாளியின் உயிரை அல்ல. நாளை கோர்ட்டில் காட்டுவதற்கு வைத்திருக்கும் தன் ரசீதை!