முப்பது விழுக்காட்டு மனிதர்கள்

2024 தீபாவளிக்கு லெம்பா பெர்த்தாமுக்குப் போயிருந்தேன். காலையிலேயே அம்மா ஒருவரை வீட்டுக்கு அழைத்திருந்தார். பக்கத்துக் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்பவர். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். நாற்பது வயதிருக்கும். இட்லி சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த காகிதக் கட்டை எடுத்தார். எல்லாம் சம்பளச் சிட்டு.

"தம்பி, நீங்க இஞ்சினியர்னு அம்மா சொன்னாங்க. இந்த பி.சி.பி.ங்கிறது என்ன? கிராணியக் கேட்டா கவர்மெண்டு காசுங்கிறாரு. அதுக்கு மேல பேச மாட்டேங்கிறாரு."

பி.சி.பி. என்பது மாதாந்திர வருமான வரிப் பிடித்தம். நம் ஊரில் 1,500 வெள்ளி சம்பளக்காரனுக்கு அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். அண்ணனின் சிட்டில் 450 என்று இருந்தது. ஆகஸ்டு 2023இல் வந்து இறங்கியவர். அந்த வருடம் ஐந்து மாதம், மாதம் 450. ஜனவரியில் நின்றதா என்றால் இல்லை. அடுத்த ஆண்டு, புதுக் கணக்கு என்று ஜூன் வரை மறுபடி ஆறு மாதம் 450. கூட்டிப் பார்த்தேன். 4,950 வெள்ளி. அவருடைய மூன்றே கால் மாதச் சம்பளம். இதே சம்பளத்துக்கு நான் கட்ட வேண்டிய வரி சுழியம்.

இந்தக் கட்டுரை அந்த 4,950 வெள்ளியைப் பற்றியது. இன்னும் சொன்னால், எல்லை தாண்டும் பணத்துக்குக் கும்பிடு போட்டு எல்லை தாண்டும் ஆளைக் கழுத்தில் பிடிக்கிற ஒரு வரிமுறையைப் பற்றியது. இதைக் கண்டுகொள்ளாத நம்மைப் பற்றியதும்தான்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, யார் வரிக் கணக்கில் 'குடியிருப்பாளர்' என்று முடிவு செய்கிறது. குடியுரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு நாள்காட்டி ஆண்டில் 182 நாள் இந்த நாட்டில் இருந்தால் நீங்கள் குடியிருப்பாளர். 9,000 வெள்ளி தனிநபர் கழிவு, ஒரு விழுக்காட்டில் தொடங்கும் படிநிலை, குறைந்த வருமானத்துக்கு 400 வெள்ளித் தள்ளுபடி எல்லாம் உண்டு. மாதம் 1,500 என்றால் ஆண்டுக்கு 18,000. கழிவு போக 9,000. அதில் முதல் 5,000க்கு வரி இல்லை. மீதி 4,000க்கு ஒரு விழுக்காடு என்றால் 40 வெள்ளி. அதையும் தள்ளுபடி விழுங்கிவிடும்.

182 நாளுக்கு ஒரு நாள் குறைந்தால் கதை வேறு. கழிவு கிடையாது, படிநிலை கிடையாது. முதல் வெள்ளியிலிருந்தே 30 விழுக்காடு. 2019 வரை 28 ஆக இருந்தது, 2020 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 30 ஆக்கினார்கள். ஒரு மலேசியக் குடிமகன் 30 விழுக்காட்டுப் படியைத் தொட ஆண்டுக்கு இருபது லட்சம் வெள்ளிக்கு மேல் வரிக்குரிய வருமானம் வேண்டும். முட்டைக்கோசு வெட்டுகிறவரும் கோடீஸ்வரனும் ஒரே விகிதத்தில் நிற்கும் ஒரே இடம் இதுதான்.

இந்த விதியை எழுதியவர்கள் தொழிலாளியை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வந்து அள்ளிக்கொண்டு போகும் பணக்காரனைப் பிடிக்கப் போட்ட வலை இது. ஆனால் பெரிய மீனுக்கு வலையில் ஓட்டையும் வைத்திருக்கிறார்கள். 60 நாளுக்கு மேற்படாத வேலைக்கு இங்கே தங்காதவருக்கு வரி இல்லை. அதற்கு மேல் என்றாலும், வெளிநாட்டுக் கம்பெனி சம்பளம் கொடுத்து அனுப்பும் ஆலோசகருக்கு இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறது. பொதுவாக 183 நாள் வரை, அந்தச் சம்பளச் செலவு இங்குள்ள நிறுவனத்தின் தலையில் விழாதவரை, இங்கே அவர் ஒரு காசு கட்ட வேண்டாம். புதுக்கோட்டைக்காரருக்கும் இந்திய–மலேசிய ஒப்பந்தம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அவருடைய முதலாளி மலேசிய முதலாளி. ஆகவே அந்தக் கதவு அவருக்கு இல்லை.

"அதான் திருப்பிக் குடுப்பாங்கல்ல" என்று என் நண்பன் ஒருவன் சொன்னான். கணக்காளன், விவரம் தெரிந்தவன். உண்மைதான். அதே 7ஆம் பிரிவில் இன்னொரு வழி இருக்கிறது. முதல் ஆண்டில் 182 நாள் இல்லாவிட்டாலும், அந்தக் காலம் அடுத்த ஆண்டில் தொடர்ச்சியான 182 நாளோடு இணைந்திருந்தால் முதல் ஆண்டுக்கும் நீங்கள் குடியிருப்பாளர்தான். ஆக, அண்ணனிடம் பிடித்த 4,950 வெள்ளியும் சட்டப்படி அவருடைய பணம்.

ஆனால் அதை அவர் கேட்க வேண்டும். வரி எண் வேண்டும், மின்படிவம் வேண்டும், கடப்பிதழின் எல்லா முத்திரைப் பக்கங்களும் வேண்டும், மலாய் அல்லது ஆங்கிலம் படிக்கத் தெரிய வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மின்படிவம் அனுப்பக் கடைசி நாள் மே 15. ஜனவரி முதல் தேதியிலிருந்து எண்ணினால் அன்றைக்கு 136ஆவது நாள், லீப் ஆண்டு அல்லாவிட்டால் 135. அன்று அவர் 182 நாளை முடித்திருக்கவே முடியாது. உரிய நேரத்தில் படிவம் கொடுக்கிறவன் கையில் உரிமைக்கான ஆதாரம் இருக்காது, ஆதாரம் கையில் வரும்போது நேரம் போயிருக்கும். பிறகு விளக்கக் கடிதம் எழுதித் திருத்தம் கேட்க வேண்டும். பொறியியல் படித்த எனக்கே இரண்டு இரவு பிடித்தது. எடுப்பதைக் கம்பெனி தானாகவே எடுத்துவிடுகிறது. கொடுப்பதற்கு மட்டும் மனுப்போட வேண்டும்.

அண்ணனுக்கு இரண்டு ஆண்டுப் பணமும் வந்து சேர்ந்தது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவருக்கு வராது. அவர் அக்டோபரில் வந்தவர். மார்ச் கடைசியில் ஊரில் அப்பா இறந்துபோனார். மூத்த பிள்ளை, போனார், திரும்பவில்லை. முதல் ஆண்டில் மூன்று மாதம், அடுத்த ஆண்டில் மூன்று மாதம். எந்த ஆண்டிலும் 182 இல்லை, இணைக்கவும் எதுவும் இல்லை. ஆறு 450கள், 2,700 வெள்ளி. அதைத் திரும்பக் கேட்க வழியே கிடையாது. அப்பன் செத்ததற்கு இந்த நாடு வாங்கிய கட்டணம் என்று நான் சொன்னால் மிகையாக இருக்கும். அவர் குடும்பத்துக்கு அது மிகையாகத் தெரியாது.

பணத்தின் கதைக்கு வருகிறேன். 1998 செப்டம்பரில் ரிங்கிட்டை ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டார்கள். வெளிநாட்டு முதலீட்டாளரின் பங்குச் சந்தைப் பணம் ஓராண்டுக்கு வெளியே போகக் கூடாது என்றார்கள். 1999 பிப்ரவரியில் அந்தத் தடையை எடுத்துவிட்டு வரி போட்டார்கள். வந்து ஏழு மாதத்துக்குள் வெளியேறும் முதலுக்கு 30 விழுக்காடு, ஏழிலிருந்து ஒன்பது மாதம் வரை 20, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை 10. அதற்குப் பிறகு போனால் ஒன்றுமில்லை. அதாவது, சீக்கிரம் ஓடும் பணத்துக்கும் அன்று 30 விழுக்காடுதான். ஆனால் படிப்படியாகக் குறைந்தது. சில மாதங்களிலேயே இன்னும் தளர்த்தினார்கள். 2001 மே மாதம் முழுவதுமாக எடுத்தே விட்டார்கள். பணம் கோபித்துக்கொண்டால் திரும்பி வராது என்ற பயம். அக்டோபரில் வந்து மார்ச்சில் போனவர் கோபித்துக்கொண்டால் யாருக்கு என்ன? ஏஜெண்டு அடுத்த ஆளை அனுப்புவான்.

இன்னொரு கதை, இதில் நானும் இருக்கிறேன். நான் சிங்கப்பூரில் வேலை செய்பவன். 2021 அக்டோபர் வரவு செலவுத் திட்டத்தில், மலேசியாவில் குடியிருப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு 2022 ஜனவரி முதல் வரி என்று அறிவித்தார்கள். பெரிய கூச்சல். முகநூல் முழுக்கப் புலம்பல், நானும் பகிர்ந்தேன். டிசம்பர் 30ஆம் தேதி, புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால், தனிநபர்களுக்கு 2026 வரை விலக்கு என்றார்கள். பிறகு 2036 வரை நீட்டியும் விட்டார்கள். 2024இன் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்றரை மலேசிய வெள்ளியைத் தொட்டபோது, ஜொகூர் பாருவில் நாணய மாற்றுக் கடை வாசலில் நானும் வரிசையில் நின்றேன். சேமித்த பணத்தை மாற்றி லாபம் பார்த்தேன். அந்த லாபத்துக்கு யாரும் என்னிடம் வரி கேட்கவில்லை. இரண்டே மாதக் கூச்சலுக்குச் சட்டம் வளைந்தது. எங்களுக்கு ஓட்டு இருக்கிறது, மடிக்கணினி இருக்கிறது. தோட்டத்து அறையில் பதினொரு பேரோடு படுத்திருப்பவருக்கு இரண்டும் இல்லை.

சிங்கப்பூர் என்னை எப்படி நடத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே குறைந்தது ஓராண்டு செல்லுபடியாகும் வேலை அனுமதி கையில் இருந்தால் தொடக்கத்திலிருந்தே உங்களை வரிக் குடியிருப்பாளராக எடுத்துக்கொள்கிறார்கள். இடையில் கிளம்பினால் அப்போது கணக்குப் பார்க்கிறார்கள். அப்படிக் குடியிருப்பாளர் அல்லாதவர் ஆனாலும் சம்பளத்துக்கு 15 விழுக்காடு, அல்லது குடியிருப்பாளர் விகிதம், எது கூடுதலோ அது. மாதம் 4,000 சிங்கப்பூர் வெள்ளி வாங்குகிறவர் ஆண்டுக்குக் கட்டுவது ஆயிரத்துச் சொச்சம். சுமார் இரண்டு விழுக்காடு. மாதாமாதம் பிடிப்பதும் கிடையாது. சிங்கப்பூர் தொழிலாளியின் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இந்த ஒரு விஷயத்தைச் செய்ய முடியும் என்பதற்கு அத்தாட்சி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்கிறேன்.

இங்கே ஏன் முடியாது? தோட்டத் தொழிலாளியின் தற்காலிக வேலை பெர்மிட் ஓராண்டுக்குக் கொடுக்கப்படுகிறது. தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் ஆண்டுக்கு 640 வெள்ளி லெவி வாங்குகிறார்கள். அதாவது குடிநுழைவுக் கணக்கில் இந்த ஆள் பன்னிரண்டு மாதம் இருக்கப்போகிறவர். அதற்கான காசும் முன்கூட்டியே வாங்கியாயிற்று. வரிக் கணக்கில் மட்டும் அதே ஆள் நாளைக்கே ஓடிப்போகிறவர். ஒரே அரசாங்கத்தின் இரண்டு கணிப்புகளும் எப்படிச் சரியாக இருக்கும்? எது அதிகம் வசூலிக்குமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு.

நம்மவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று தீபாவளிப் பலகாரத்தை மென்றுகொண்டே என் மாமா சொன்னார்: "இவனுங்கல்லாம் வந்துதான் நம்ம பிள்ளைங்க சம்பளம் ஏறல. காச எல்லாம் ஊருக்கு அனுப்பிடுறானுங்க. புடிக்கட்டும்." அண்ணன் கேட்கும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

மாமா, உங்கள் அப்பா என்ன செய்தார்? தேயிலைக்காட்டில் பாட்டி கொழுந்தெடுத்துச் சேர்த்த காசு மணியார்டரில் எங்கே போனது? 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி நம் ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அந்த நிதிக்குத் தலைக்கணக்கில் வரி கட்டியவர்கள் தோட்ட முதலாளிகள். வெள்ளைக்காரன் நல்லவன் என்பதால் அல்ல. ஆள் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும் என்பதால். 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது பல்லாயிரம் பேரைத் திருப்பி அனுப்பியதும் அதே அமைப்புதான். ஆனாலும் கப்பல் கூலி முதலாளியின் செலவு என்ற கணக்காவது இருந்தது. இன்று வருகிறவர் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனோடு வருகிறார். முதல் ஆறு மாதச் சம்பளத்தில் முப்பது விழுக்காட்டை இழந்துகொண்டே அந்தக் கடனுக்கு வட்டி கட்டுகிறார்.

1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடியில் சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக 'ரஜூலா' கப்பல் ஏறினார்கள். தாத்தாவின் தம்பி அதில் ஒருவர். 'இவர்கள் நிரந்தரமில்லை' என்ற ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தை எப்படி இரண்டாக வெட்டும் என்று நமக்குத் தெரியாதா? இன்று அதே வார்த்தையை அடுத்தவன் சம்பளச் சிட்டில் பார்த்துவிட்டுப் பலகாரம் மெல்கிறோம்.

சம்பளம் ஏறாததற்குக் காரணம் அவர் அல்ல. அவரை இவ்வளவு மலிவாக வைத்திருக்க அனுமதிக்கும் முறை. அவர் கையில் மிஞ்சுவது குறையக் குறைய கூடுதல் நேர வேலைக்கு இன்னும் தலையாட்டுவார், முதலாளியை எதிர்க்க இன்னும் பயப்படுவார். அது உள்ளூர்ப் பிள்ளைகளின் சம்பளத்தை ஏற்றாது, இறக்கும்.

கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஓராண்டு பெர்மிட்டோடு வருகிறவரை முதல் நாளிலிருந்தே குடியிருப்பாளராக எடுத்துக்கொண்டு பிடித்தம் செய்யுங்கள். இடையில் போனாலும் தங்கிய மாதங்களுக்குப் படிநிலை விகிதத்தையே போடுங்கள். கூடுதலாகப் பிடித்ததை மனு இல்லாமல் திருப்பிக் கொடுங்கள். வந்த தேதியும் போன தேதியும் குடிநுழைவுத் துறையின் கணினியில் இருக்கின்றன. சம்பளச் சிட்டில் பி.சி.பி. என்ற மூன்று எழுத்துக்குப் பக்கத்தில் அந்த ஆளுக்குப் புரியும் மொழியில் ஒரு வரி எழுதுங்கள்.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. லெம்பா பெர்த்தாமிலோ ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இருப்பார். அவரிடம் சம்பளச் சிட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பி.சி.பி. கட்டத்தில் எண் இருந்தால் கடப்பிதழின் முத்திரைப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு இரவு வேலைதான். அடுத்த விடுமுறைக்கு நான் போகும்போது, அண்ணன் இன்னும் நான்கு பேரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா இட்லிக்கு மாவு கூடுதலாகப் போட வேண்டும் என்கிறார்.