துளிரை நம்பலாமா?

மதிற்சுவரைப் புதுப்பிக்கையில் வெட்டி எறியவிருந்த காகிதப்பூச் செடியொன்றை வேரோடு பெயர்த்தெடுத்துத் தொட்டியில் வைத்திருப்பதாக ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். காலஞ்சென்ற மாமியார் தம் கையால் நட்ட செடியாம். அதைக் குள்ள மரமாக்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ள விருப்பம். இருபது நாளில் துளிர்த்தும் விட்டது. இனிக் கம்பி சுற்றலாமா, தட்டத்துக்கு மாற்றலாமா என்று கேட்கிறார்.

இரண்டும் கூடாது. ‘போன்ஸாய்’ என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டத்தில் நட்டது என்பதே பொருள்; நம்மவர் அவசரமெல்லாம் அந்தப் பெயரால் வந்ததோ என்னவோ!

இந்நிலையில் துளிர் பொய்ச்சாட்சி. வெட்டிப்போட்ட முருங்கைப் போத்து வேரின்றியே தளிர்ப்பதை நாம் கண்டதில்லையா? அடிமரத்தில் சேமித்த உணவு செலவாகிறது, அவ்வளவே. நீரை உறிஞ்சுபவை பருத்த வேர்களல்ல, நுனியிலுள்ள மெல்லிய தூவிகள். தோண்டும்போது அவற்றுள் பெரும்பகுதி அறுந்துவிடுகின்றன. காகிதப்பூவின் வேரோ எளிதில் முறிவது. மண்கட்டியும் நில்லாது உதிர்ந்துவிடும். புதுவேர் பிடிக்குமுன் சேமிப்புத் தீர்ந்தால் துளிர் வாடும். அதைக் கண்டு பதறிக் குடங்குடமாய் நீர் வார்ப்பவர்களே அநேகர். வேரில்லாத செடி அந்நீரை என் செய்யும்? காற்றுப் புகாமல் அடியெல்லாம் அழுகிப்போகும். மேல்மண் ஓர் அங்குலம் உலர்ந்த பின் வார்த்தால் போதும். வாடினால் நிழலுக்கு மாற்றி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகக் கவித்து வையுங்கள். உறையிட்ட செடிமீது வெயில் படலாகாது, வெந்துவிடும்.

மண்ணில் களி வேண்டாம். பருமணலும் பட்டாணியளவு செங்கல் துண்டுகளும் சிறிது இலைமட்கும் உத்தமம். மணல் விற்கும் விலையில் செங்கல் மிகுந்தாலும் குற்றமில்லை. உரம் இப்போது வேண்டவே வேண்டாம். அதன் உப்பு இளவேரைக் கருக்கும்.

அடிமரத்தைத் தொட்டியோடு இறுகக் கட்டுங்கள். காற்றிலோ, வேர்விட்டதா என்று அசைத்துப் பார்க்கும் வீட்டார் கையிலோ அது ஆடுந்தோறும் புதுவேர் அறுந்துவிடும். காற்றைவிட வீட்டாரே இதில் பொல்லாதவர்.

ஓராண்டு பொறுப்பது கடினமென்று தோன்றலாம். ஹிரோஷிமாவில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பேணிய வெண்பைன் 1945-ஆம் ஆண்டின் அணுகுண்டுக்கும் தப்பியது. 1976-இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகச் சென்று, வாஷிங்டனில் வளர்கிறது. அதன் வயதோடு ஒப்பிட்டால் ஓராண்டு எம்மாத்திரம்!

துளிர்கள் வாடாது நீண்டு, தொட்டியின் துவாரத்தில் வெள்வேர் எட்டிப் பார்த்தால் காலை வெயில் காட்டலாம். கம்பி அடுத்த ஆண்டில்தான், அதுவும் இளங்கிளைக்கே. முதிர்ந்த கிளை வளையாது, முறியும். தட்டம் அதற்கும் பிறகு. அப்பொழுது கத்தரிக்கும் கிளைகளில் பென்சில் பருமனுள்ளவற்றை எறியாமல் ஈரமணலில் ஊன்றி வையுங்கள். மாமியார் நட்ட செடி மதிலோரத்திலும் மறுபடி வளரும்.