வானத்துக் கண்ணும் வரப்பு மேல் காலும்



செயற்கைக்கோள் என்றதும் நமக்கு டிவி ஞாபகம் வரும். புயல் வந்தால் செய்தியில் காட்டும் வெள்ளைச் சுழல் ஞாபகம் வரும். அதோடு சரி! நானும் 2024 கார்த்திகை வரை அப்படித்தான் இருந்தேன்.

அந்த வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதற்கு முந்தின நாட்களிலேயே நம்ம டெல்டாவில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. அப்பா குத்தகைக்குச் செய்யும் மூணு மா சம்பாவும் தண்ணிக்குள்ளே. நாம் காவிரியின் கடைமடை அல்லவா? மேலே வடிகிற தண்ணீரெல்லாம் நம்ம பக்கம்தான் வரும். கடல் ஏறி நின்றால் ஆறும் வாங்காது.

கணக்கெடுக்க ஆள் வந்த அன்று தண்ணி வடிஞ்சிருச்சு. பயிர் நின்றது, வேர் அழுகியிருந்தது. "தண்ணி நின்னதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் வந்தவர். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அப்பா எதைக் காட்டுவார்? எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எனக்கும் பதில் தெரியவில்லை.

இப்போது தெரியும். 2014-இல் ஐரோப்பா அனுப்பிய சென்டினல்-1 ராடார் அலையால் படம் எடுக்கிறது. மேகம் மறைக்காது, ராத்திரியும் தடையில்லை. தேங்கிய தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால், முழுகின வயல் படத்தில் கறுப்பாக விழும். தேதியோடு, இலவசமாக, யாரும் எடுத்துக்கொள்ளலாம்! 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து அனுப்பிய நிசார், 12 நாளுக்கு ஒரு முறை அதே இடத்தைப் பார்க்கும்.

அப்படியானால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. ஐந்து நாள் நின்ற தண்ணி, இரண்டு படத்துக்கு நடுவிலேயே வடிஞ்சு போகலாம். படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். எங்க மூணு மா, அதாவது ஒரு ஏக்கர், வெறும் நாற்பது புள்ளி. கைப்பம்பு தண்ணி உப்புக் கரிக்குதா என்று செயற்கைக்கோள் சொல்லாது, எங்க அம்மா சொல்வாங்க.

"அதெல்லாம் சர்க்கார் பார்த்துக்கும்" என்பார்கள் சிலர். பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வானத்திலிருந்து எடுத்த படத்துக்கு வரப்பில் நின்று சாட்சி சொல்ல ஆள் வேண்டும். லெவலிங்கும் டோட்டல் ஸ்டேஷனும் படிக்கிற நம்மை விட்டால் அதற்கு யார்?

ஆகவே என் கருத்து இதுதான். நமது சர்வே கேம்ப்பைக் கல்லூரி மைதானத்தோடு நிறுத்த வேண்டாம். வருஷத்துக்கு ஒரு கடைமடைக் கிராமம் எடுப்போம். வடிகால் ஓரம் அளவு குறித்த கம்பம் நட்டு, ஐப்பசி முதல் மார்கழி வரை தினமும் நீர்மட்டத்தைத் தேதி போட்டு எழுதுவோம். அந்த நோட்டையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். அப்புறம் ஆதாரம் கேட்கட்டும், காட்டுவோம்!

2004 டிசம்பர் 26 நம் கரைக்குச் சொல்லாமல் வந்தது. இனி வரும் வெள்ளமும் புயலும் வானத்தில் எழுதிக்காட்டிவிட்டுத்தான் வருகின்றன. படிக்கத் தெரிந்தவன் படித்துச் சொல்ல வேண்டாமா? நம்ம அப்பன் ஆத்தா நம்மைப் படிக்க அனுப்பியது இதற்கும் சேர்த்துத்தான்.

அளப்போம்! எழுதுவோம்! கேட்போம்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு