போர்வைக்குத் துணி எடுக்கும்போது



குமுளியிலிருந்து மூணாறு செல்லும் சாலையிலுள்ள ஆனைக்கரையில் டிசம்பர், ஜனவரி மாத இரவுகள் எப்படிப்பட்டவை என்பதை அங்கிருந்து நகரத்திற்குக் குடிவந்த குடும்பங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஏலத்தோட்டங்களின் நடுவே வயதான தாயும் தகப்பனும் குளிரில் முடங்கிக் கிடக்க, பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் மின்விசிறியின் கீழ் உறங்குகிறார்கள். குளிர் அங்கே இருக்கிறது. துணிக்கடைகளோ இங்கே இருக்கின்றன. ஆகவே, இம்முறை ஊருக்குப் போகும்போது தம் கையால் தைத்த ஒட்டுப் போர்வை ஒன்றைக் கொண்டுபோக விரும்பும் சகோதரிகளுக்குத் துணி தெரிந்தெடுக்கும் விதத்தை இங்கே எழுதுகிறோம்.

ஒட்டுப் போர்வை என்பது மூன்று அடுக்குகளை உடையது. மேலே சிறு துண்டுகளை இணைத்த துணி, நடுவே பஞ்சு, அடியில் ஒரே நீளத் துணி. இம்மூன்றையும் சேர்த்து ஓட்டத் தையல் போடுகிறோம். கடைகளில் இதைக் ‘குயில்ட்’ என்பார்கள். 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள ஒரு போர்வைக்கு, 5 அங்குலச் சதுரங்களாக 216 துண்டுகள் தேவைப்படும். வேலை முடித்து வந்து இரவில் தைக்கிற ஒருத்திக்கு இது பல வார உழைப்பு. அத்தனை துண்டுகளில் ஒரே ஒரு சிவப்புத் துண்டு சாயம் விட்டால் அதைச் சூழ்ந்துள்ள வெள்ளைத் துண்டுகளெல்லாம் கறைபடும். நைந்த துண்டு ஒன்று கிழிந்தால் அந்த இடத்தில் பஞ்சு வெளியே வரும். ஆகையால் விலை மலிவு என்பது வேறு, விலை நியாயம் என்பது வேறு. உங்கள் உழைப்பு நிலைக்கும்படியான துணிக்குக் கொடுக்கும் விலையே நியாயமான விலை.

முதலாவது, துணியின் இனம். முழுப் பருத்தியில் சாதா நெசவாக நெய்த பாப்ளின் அல்லது கேம்பிரிக் இதற்கு ஏற்றது. மல் துணி மிகவும் மெல்லியது. அதன் வழியே பஞ்சு தெரியும். திருப்பூர் பனியன் துணி பின்னல் துணியாகையால் இழுபடும். நெய்த துணியோடு சேர்த்தால் போர்வை சுருங்கிக் கோணிப் போகும். துணியின் நெருக்கத்தைப் பார்க்க ஓர் அங்குலத்தில் எத்தனை இழைகள் என்று குண்டூசி முனையால் எண்ணுங்கள். நீளவாட்டிலும் குறுக்கிலும் ஏறத்தாழ 60 இழைகளாவது இருந்தால் போதும். மிக நெருக்கமாக நெய்த உயர்ரகப் படுக்கை விரிப்புத் துணியில் கை ஊசி எளிதில் இறங்காது. அதற்கு அதிக விலை கொடுப்பதில் பயனில்லை.

இரண்டாவது, கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள். துணியை இரு கைகளாலும் கசக்கி உதறுங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அது கஞ்சியின் கனம். ஒரு சலவையில் துணி சல்லடையாகிவிடும். வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள்; இழைகள் சில இடங்களில் அடர்ந்தும் சில இடங்களில் விலகியும் இருந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளைக் கைக்குட்டையின் ஓரத்தை நனைத்து அடர்நிறத் துணியின்மேல் தேயுங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய நிறங்களில் இச்சோதனை மிகவும் அவசியம்.

பாலியெஸ்டர் கலப்பு உண்டா என்பதை அறிய, ஓரத்திலிருந்து நான்கைந்து இழைகளை உருவி வீட்டில் இடுக்கியால் பிடித்து எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணிபோல் இறுகும். எனவே முதல்முறை போகும் கடையில் கால் மீட்டர் மட்டும் வாங்கி, இச்சோதனையும் ஒரு சலவையும் முடிந்தபின் மீதியை வாங்குவது விவேகம்.

மூன்றாவது, அளவு. தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விடுவதால் 5 அங்குலச் சதுரத்திற்கு ஐந்தரை அங்குலத் துண்டு வெட்ட வேண்டும். இதனால் மட்டுமே துணித் தேவை 21 சதவீதம் கூடுகிறது. 44 அங்குல அகலத் துணியின் கரையை நீக்கினால் ஒரு வரிசைக்கு 7 துண்டுகள் கிடைக்கும். 216 துண்டுகளுக்கு 31 வரிசைகள். அது நாலே கால் மீட்டருக்குச் சற்று அதிகமாகும். சலவையில் சுருங்குவதையும் வெட்டுப் பிழையையும் எண்ணி 5 மீட்டர் வாங்கினால் குறைவுபடாது. பல நிறங்களில் எடுத்தாலும் மொத்தம் இதுவே.

நான்காவது, விலைக் கணக்கு. நகரத்துச் சந்தைகளில் துண்டுத் துணிகளைக் கிலோவுக்கு விற்கிறார்கள். மீட்டர் விலையோடு அதை ஒப்பிடத் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் உண்டு. ஒரு சதுர மீட்டர் 110 கிராம் எடையுள்ள பாப்ளின், 44 அங்குல அகலத்தில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 123 கிராம் இருக்கும். அதாவது ஒரு கிலோவுக்கு 8 மீட்டர். எடுத்துக்காட்டாகக் கிலோ 320 ரூபாய் என்றால் மீட்டர் 40 ரூபாய் ஆகிறது. ஆனால் அந்த மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு ஐந்தரை அங்குலம் தேறாத கீற்றுகளாக இருந்தால், உங்களுக்கு உண்மையில் மீட்டர் 60 ரூபாய் ஆகிவிடும். ஆகவே கட்டிய மூட்டையை அப்படியே வாங்காமல், பிரித்துப் பார்க்க அனுமதிக்கும் கடையில் வாங்குங்கள்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் மொத்த விலையில் எடுக்க வசதியுள்ளவர்கள் தனியாகப் போகாமல், சபையிலுள்ள மூன்று நான்கு சகோதரிகள் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் எட்டு பத்து நிறங்கள் கிடைக்கும். ஒருவரும் தேவைக்கு மிஞ்சி வாங்க நேராது. 1935ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் கடைகளில் தீபாவளியையொட்டித் தள்ளுபடி கிடைக்கும். கைத்தறித் துணியென்று சொல்லி விசைத்தறித் துணியைக் கொடுக்கும் இடங்களில், 2006ஆம் ஆண்டில் அறிமுகமான கைத்தறி முத்திரை உண்டா என்று பாருங்கள்.

அடித்துணிக்குப் புதிதாகச் செலவழிக்க வேண்டுமென்பதில்லை. 44 அங்குலத் துணியானால் இரு நீளங்களை இணைக்க 5 மீட்டர் வேண்டும். சென்னிமலைப் பருத்திப் படுக்கை விரிப்பு போதிய அகலமுடையதாக ஒன்று கிடைத்தால் இணைப்பே வேண்டாம். வீட்டில் துவைத்துத் துவைத்து மிருதுவான இரட்டை வேட்டியும் நல்லதே. அதன் ஓரத்தை இரு கட்டைவிரல்களுக்கிடையே பிடித்துப் பலமாக இழுங்கள். கிழியாவிட்டால் பயன்படுத்துங்கள், கிழிந்தால் கரித்துணிக்கு விட்டுவிடுங்கள்.

நடுவே வைக்கும் பஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு தலையணைக்கு மிகச் சிறந்தது. ஆனால் போர்வையைத் துவைக்கும்போது அது ஒரு மூலையில் திரண்டுவிடும். மலையிலோ ஜூன், ஜூலை மழையில் வெயிலே காண்பதரிது. பருத்திப் பஞ்சு உலர நாளாகும். ஆதலால் மேலும் கீழும் பருத்தித் துணி இருக்க, நடுவே மெல்லிய பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பை வைப்பது அவ்வூருக்குப் பொருந்தும்.

வாங்கிய துணியை வெட்டுமுன் துவைத்து உலர்த்துங்கள். அடர்நிறங்களைத் தனித்தனியே அலசுங்கள். உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிலைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். முன்னமே சாயமேற்றிய துணியில் பிடிக்காமல் நிற்கும் சாயத்தை அவை பிடிக்கச் செய்வதில்லை. தண்ணீர் தெளிவாகும்வரை அலசுவதே வழி. ஐந்தாறு முறை அலசியும் தெளியாத துணி எவ்வளவு அழகாயிருந்தாலும் அதைப் போர்வையில் சேர்க்காதீர்கள், வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தாயார் அந்தப் போர்வையை அடுப்படிக் கொடியில் உலர்த்துவார்கள், பேரப்பிள்ளை அதன்மேல் உருளும், வாரந்தோறும் அது கல்லில் அடிபடும். அதையெல்லாம் தாங்குமா என்று கேட்டுப் பார்த்த பின்பே பணத்தை எடுங்கள்.