எதுக்கெடுத்தாலும் பார்மட்டா?

கம்ப்யூட்டர் கொஞ்சம் மக்கர் செய்தால் ஸ்ரீவில்லிபுத்தூரானாலும் கான்சாபுரமானாலும் கிடைக்கும் வைத்தியம் ஒன்றுதான்: "பார்மட் அடிச்சிரலாம்." ஒரு டிரைவர் சரியில்லை என்று மொத்தத்தையும் துடைப்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

விண்டோஸில் சிஸ்டம் ரீஸ்டோர் 2000-லேயே வந்துவிட்டது (பலரும் மறந்த அந்த மில்லேனியம் எடிஷனில்). லினக்ஸ் பக்கம் டோனி ஜார்ஜ் எழுதிய டைம்ஷிப்ட் இருக்கிறது. 2017-ல் மின்ட் 18.3 அதைக் கூடவே சேர்த்துக் கொடுத்தது. 2022 முதல் மின்ட் குழுவே பராமரிக்கிறது. ஆர்சிங்க் முறையில், மாறாத கோப்புகளை மறுபடி நகலெடுக்காமல் ஹார்ட் லிங்க் மட்டும் போட்டுவிடும். அதனால் முதல் ஸ்னாப்ஷாட்தான் இடத்தைத் தின்னும், பிறகு வருவதெல்லாம் சொற்பம்.

ஹோம் போல்டரை அது தானாகத் தொடாது. அதுதான் நல்லது! சிஸ்டத்தைப் போன வாரத்துக்குத் திருப்பும்போது நேற்று அடித்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் சேர்ந்து போய்விடக் கூடாதே. ஆனால் ஹார்ட் டிஸ்க்கே செத்தால்? அதிலேயே இருக்கும் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போகும். ஆகவே ரிப்போர்ட்டுக்குத் தனியாக ஒரு பென்டிரைவ் வேண்டும்.

2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்தான் பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர். அதோடு இந்தப் பாடத்தையும் கொடுத்திருக்கலாம். லேபில் பத்து நிமிடம் போதும்.