மூச்சு காக்கும் குழாய்: கடைசி வேலை அம்மாவின் கையில்!

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். பல போர்களில் குண்டுகளுக்குத் தப்பியவர். அவர் உயிர் எப்படிப் போனது தெரியுமா? தொண்டை வீங்கிப் போனது!

1799ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி. படுக்கையில் கிடந்த வாஷிங்டன் மூச்சு விட முடியாமல் திணறினார். அருகில் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். அவர்களில் இளையவர் எலிஷா டிக். "கழுத்தில் சிறு துளை போட்டு மூச்சுக் குழாயைத் திறந்து விடலாம்" என்று அவர் யோசனை சொன்னார். மற்ற இருவரும் அதற்கு இணங்கவில்லை. அன்று இரவே வாஷிங்டன் இறந்து போனார்.

அன்று பெரிய டாக்டர்களே செய்யப் பயந்த அந்தச் சிகிச்சை, இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கும் நடக்கிறது. அதன் பெயர் டிரக்கியாஸ்டமி.

2016ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் தமிழ்நாட்டு வீடுகளில் எல்லாம் இந்தப் பெயர் அடிபட்டது. அந்த ஆண்டில்தான் முதல்–அமைச்சர் ஜெயலலிதாவுக்கும், தி.மு.க. தலைவர் கருணாநிதிக்கும் இந்தச் சிகிச்சை நடந்தது. கருணாநிதி குழாயுடன் வீடு திரும்பினார். 2018 ஜூலையில் ஆஸ்பத்திரிக்குச் சென்று குழாயை மாற்றிக் கொண்டார்.

தலைவர்களைச் சுற்றி டாக்டர்களும் நர்சுகளும் இருந்தார்கள். ஆனால் ஆவடியிலோ, பூந்தமல்லியிலோ, அம்பத்தூரிலோ ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இந்தக் குழாய் வந்தால்? அதைக் கழற்றுவது யார்? கழுவுவது யார்? திரும்ப மாட்டுவது யார்?

அம்மா! அல்லது மனைவி! அல்லது பள்ளிக்கூடம் போகும் மகள்!

அவர்களை நினைத்துக் குழாயைச் செய்கிறார்களா? அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்களா? இதுதான் கேள்வி.

யாருக்கு வேண்டும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ரோடுகளில் விடியற்காலையில் நின்று பாருங்கள். முதல் ஷிப்டுக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாகப் பறக்கும். லாரிகளும் பஸ்களும் நடுவே புகுந்து போகும். கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் சோற்றுப் பாத்திரத்தைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஹெல்மெட் சில சமயம் தலையில் இருக்கும். சில சமயம் பெட்ரோல் டாங்கியின் மேல் இருக்கும்.

தலையில் பலத்த அடி பட்டவருக்கு நினைவு திரும்பப் பல நாள் ஆகலாம். அதுவரை மூச்சு விட இயந்திரம் வேண்டும். வாய் வழியாகக் குழாயை நெடுநாள் வைத்திருக்க முடியாது. அப்போது டாக்டர்கள் கழுத்தில் வழி செய்கிறார்கள். தொண்டையில் புற்றுநோய் வந்தவர்களுக்கும், பக்கவாதத்தால் விழுங்க முடியாதவர்களுக்கும், மூச்சு வழி குறுகிப் பிறந்த குழந்தைகளுக்கும் இது தேவைப்படுகிறது.

விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் குழாயின் கதை 48 மணி நேரத்தில் முடிவதில்லை. பலருக்கு மாதக் கணக்கில் தொடர்கிறது. சிலருக்கு ஆயுள் முழுவதும்!

குழாயில் என்ன இருக்கிறது?

பார்த்தால் சிறு வளைந்த குழாய். விரல் நீளம்தான். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு காரணம் உண்டு.

முதலில் வெளிக்குழாய். இதுதான் கழுத்துத் துளை வழியாக மூச்சுக் குழாய்க்குள் இறங்கி நிற்கிறது. அதன் தலையில் இரு பக்கமும் இறக்கை போல் ஒரு தட்டு. குழாய் உள்ளே நழுவி விடாமல் அது தடுக்கிறது. நாடாவைக் கட்டுவதும் அதில்தான். குழாயின் அளவையும் அந்தத் தட்டில்தான் அச்சிட்டிருப்பார்கள்.

இரண்டாவது உள்குழாய். பல குழாய்களில் இது உண்டு, சிலவற்றில் இராது. சளி காய்ந்து அடைத்துக் கொண்டால், உள்குழாயை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்யலாம். வெளிக்குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும். மூச்சு வழி மூடாது. நம் வீட்டுத் தலையணைக்கு உறை போடுவது போன்ற யோசனை! அழுக்குப் பட்டால் உறையைக் கழற்று, தலையணை கெடாது.

மூன்றாவது, முனை மழுங்கிய ஒரு கம்பி. குழாயை உள்ளே செலுத்தும்போது சதையைக் கிழிக்காமல் வழி காட்டுவது இதன் வேலை. குழாய் உள்ளே போனதும் கம்பியை உடனே உருவி விட வேண்டும். ஏன்? கம்பி இருக்கும் வரை குழாயில் காற்றுப் போகாது!

அமெரிக்க டாக்டர் செவாலியர் ஜாக்சன் இந்தச் சிகிச்சைக்கு ஒழுங்கான முறை வகுத்து 1909இல் எழுதினார். துளையை மிக மேலே போட்டால் மூச்சு வழி பின்னால் குறுகிப் போகும் என்று 1921இல் எச்சரித்தார். அவர் பெயரால் வழங்கும் வெள்ளிக் குழாயிலும் இதே மூன்று உறுப்புகள்தான்.

நான்காவது பலூன். குழாயின் அடிப்பகுதியைச் சுற்றி மெல்லிய பலூன் இருக்கும். அதை ஊதினால் குழாய்க்கும் மூச்சு வழியின் சுவருக்கும் இடையே உள்ள சந்து அடைபடும். இயந்திரம் தரும் காற்று வீணாகாமல் நுரையீரலுக்குப் போகும்.

இந்தப் பலூனின் அருமையை உலகம் 1952இல் கண்டது. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சு விட முடியாமல் குழந்தைகள் மடிந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற டாக்டர், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளை போடச் சொல்லி, பலூன் வைத்த குழாயைச் செலுத்த வைத்தார். ரப்பர் பையை அமுக்கிக் காற்றைக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள்! அதன் பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக் கொண்டு, இரவு பகலாகக் கையால் பையை அமுக்கி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள்.

சைக்கிள் கடைக்காரருக்குத் தெரிந்த வித்தை

இந்தப் பலூனைக் குழாயில் ஒட்டுவதுதான் நுணுக்கமான வேலை. இரு ஓரங்களும் சீராக ஒட்ட வேண்டும். பிசின் கட்டி தட்டினால் சதையை உறுத்தும். ஊசி முனை அளவு சந்து இருந்தாலும் காற்று இறங்கி விடும். குழாயின் சுவருக்குள்ளேயே முடி போன்ற ஒரு துவாரம் ஓடுகிறது. பலூனுக்குக் காற்றுப் போவது அதன் வழியாகத்தான். அதன் வெளி நுனியில் ஒரு குட்டிப் பலூனும் ஒரு வால்வும் உண்டு. போன காற்றுத் திரும்பி வராமல் வால்வு பிடித்து வைக்கிறது. உள்ளே இருக்கும் பலூனில் காற்று இருக்கிறதா என்று வெளியே இருக்கும் குட்டிப் பலூன் காட்டிக் கொடுக்கிறது.

சைக்கிள் கடைக்காரர் என்ன செய்கிறார்? டியூபை ஊதி, தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்கிறார். இந்தக் குழாய்களையும் அப்படித்தான் காற்று அடைத்துக் கசிவு பார்க்கிறார்கள். ஒரு வித்தியாசம்: சைக்கிள் டியூபில் காற்று இறங்கினால் தள்ளிக் கொண்டு போகலாம். இங்கே காற்று இறங்கினால் உயிருக்கு ஆபத்து!

காற்று அதிகமானாலும் கெடுதல்தான். பலூன் இறுகினால் மூச்சு வழியின் சுவரில் ரத்தம் ஓடாமல் சதை புண்ணாகி விடும். ஆகையால் 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குள் அதை வைத்திருக்கிறார்கள்.

அம்பத்தூர் மக்களுக்கு இந்த நுணுக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1949இல் அங்கே சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1964இல் தொழிற்பேட்டை வந்தது. பக்கத்து ஆவடியில் 1965இல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்தது. ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சாமானைத் தள்ளி வைக்கும் கைகள் அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு உண்டு.

மருத்துவக் கருவிகளையெல்லாம் 2020 ஏப்ரல் முதல் தேதியில் இருந்து மருந்துச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு கொண்டு வந்து விட்டது. இது சரியான காரியம். தொழிற்சாலைக்குள் சட்டம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள்?

கடைசித் தொழிலாளி

தொழிற்சாலையில் சேர்த்த உறுப்புகளை வீட்டில் தினமும் பிரித்து, தினமும் சேர்க்கிறார்கள். உள்குழாயைத் திருகிக் கழற்றுகிறாள் தாய். கழுவித் துடைத்துத் திரும்ப நுழைக்கிறாள். திருகிப் பூட்டுகிறாள். அவள்தான் இந்தக் குழாயின் கடைசித் தொழிலாளி!

தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பல நாள் பயிற்சி. தலைக்குக் குல்லாய், கைக்கு உறை, மேலே சூப்பர்வைசர். வீட்டில் இருக்கும் தாய்க்கு என்ன கிடைக்கிறது? ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும் நேரத்தில், நாலு வார்த்தை! பெட்டிக்குள் இருக்கும் காகிதமோ பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கிறது.

ஒரு சிறு தவறு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஓர் உதாரணம். கழுத்தில் குழாய் உள்ளவர் விடும் மூச்சு குரல்வளைக்குப் போகாமல் வெளியேறி விடுகிறது. அதனால் பேச்சு வராது. டேவிட் மூர் என்ற அமெரிக்க இளைஞர் தசை நலிவு நோயால் படுத்திருந்தார். குழாய் வைத்ததும் பேச்சு நின்றது. அவர் சும்மா இருக்கவில்லை. காற்றை உள்ளே விட்டு, வெளியே விடாத ஒரு வால்வை யோசித்துக் கண்டுபிடித்தார். வெளியே போக வழி இல்லாத மூச்சு, மேலே ஏறிக் குரல்வளை வழியாகப் போகும், பேச்சு வரும்! 1985 முதல் அந்த வால்வு வழங்கி வருகிறது.

எவ்வளவு அருமையான பொருள்! ஆனால் பலூனில் காற்று இருக்கும்போது இந்த வால்வை மாட்டினால்? மூச்சு உள்ளே போகும். வெளியே வர எந்த வழியும் இராது. நோயாளி திணறிப் போவார். பலூனில் காற்றை முழுவதும் இறக்கிய பிறகுதான் அதை மாட்ட வேண்டும். அதையும் டாக்டர் சொன்னால்தான் மாட்ட வேண்டும். இதைத் தாய்க்குத் தமிழில் சொல்ல வேண்டாமா?

மூர் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. குறையைக் கண்டவர் நோயாளி; திருத்தியவரும் நோயாளி. குழாயை அமைக்கும் எஞ்சினீயர்கள், அதைக் கழுவும் கைகளைக் கேட்டால் இன்னும் எத்தனை நல்ல யோசனைகள் கிடைக்கும்!

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: குழாய் பெட்டியில் தமிழில், படத்தோடு ஒரு தாள் இருக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும்.

இரண்டு: தாயோ மனைவியோ நர்சின் கண் முன்னால் பல முறை தானே கழற்றி மாட்டிக் காட்டிய பிறகுதான் நோயாளியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது. செய்து காட்ட வேண்டும்.

மூன்று: அதே அளவில் ஒரு குழாயும், ஓர் அளவு சிறியதாக ஒரு குழாயும் கூடவே கொடுத்து அனுப்ப வேண்டும். நடு ராத்திரியில் குழாய் வெளியே வந்து விட்டால் எந்தக் கடையைத் தட்டுவது?

"ஆஸ்பத்திரியில் கூட்டம் தாங்கவில்லை. நர்சுகளுக்கு ஏது நேரம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வீடு தேடிப் போகும் ஆட்கள் இருக்கிறார்களே! "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோதே, படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டிலேயே கவனிப்பதும் அதில் ஒரு பகுதி. அப்படிப் போகிறவர்களுக்குக் குழாயைப் பற்றியும் கற்றுக் கொடுத்தால் போதும். அடைத்துப் போன குழாயோடு நோயாளி திரும்பி வந்தால் அதே ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் கட்டில் வேண்டும்? எத்தனை நர்சுகள் வேண்டும்? அதற்கு அரை மணி நேரப் பாடம் அதிகமா?

பூந்தமல்லிப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். இரவு இரண்டு மணி. மகனின் கழுத்தில் கரகர என்று சத்தம். தாய் எழுகிறாள். விளக்கைப் போடுகிறாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். உள்குழாயைத் திருகி எடுக்கிறாள். சுத்தமாக வைத்திருந்த மற்றோர் உள்குழாயை நுழைத்துத் திருகுகிறாள். "கிளிக்!" கரகரப்பு நிற்கிறது. மகன் தூங்குகிறான்.

அந்தக் கை நடுங்காமல் இருக்க வேண்டும். அதற்கு வேண்டியது பணம் அல்ல, பாடம்!