பிரேக் மிதியும் ஒரு சுவிட்சும்

பாடநூலின் மின்சுற்றுப் படத்தில் சுவிட்சு ஒன்று மூடியிருக்கும், அல்லது திறந்திருக்கும். பழுதான சுவிட்சை யாரும் வரைவதில்லை. பழுதானால் என்ன ஆகும் என்ற கேள்வியையும் சேர்த்தே சுவிட்சைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கார்களில் உள்ள குரூஸ் கண்ட்ரோல் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று நிர்ணயித்துவிட்டால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் கார் அதே வேகத்தில் ஓடும். ஐந்து வயதில் பார்வையிழந்த அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் டீட்டர் இதற்கு 1950இல் காப்புரிமை பெற்றார். 1958இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் இது இடம்பெற்றது. வேகத்தைக் காப்பது மட்டும் போதுமா? ஆபத்து வரும்போது அது உடனே விலகிக்கொள்ளவும் வேண்டுமே!

அதற்குத்தான் பிரேக் மிதியருகே ஒரு சுவிட்சு. பல கார்களில் அதற்குள் இரண்டு இணைப்புகள் உண்டு. மிதியை அழுத்தினால் ஓர் இணைப்பு மூடி, பின்புறச் சிவப்பு விளக்கு எரிகிறது. மற்றது அதே கணத்தில் திறந்து, குரூஸ் கண்ட்ரோலுக்குச் செல்லும் மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. ஏன் இப்படித் தலைகீழாக?

எலி ஒன்று கம்பியைக் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கின் கம்பி அறுந்தால் விளக்கு எரியாது. அது ஓட்டுநருக்குத் தெரியாது. பின்னால் வருபவருக்குத்தான் ஆபத்து. இரண்டாவது கம்பி அறுந்தாலோ, பிரேக் அழுத்தப்பட்டிருப்பதாகவே எண்ணி அமைப்பு வேலை செய்ய மறுத்துவிடும். ஓட்டுநர் பழையபடி காலால் வேகத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டியதுதான். ஓடும் ரயிலில் பெட்டிகளுக்கு இடையே பிரேக் குழாய் அறுந்தால் பிரேக் தானாகவே விழுவதும் இந்த முறையில்தான்.

சில பழைய கார்களில் பிரேக் விளக்கின் பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தியதும் குரூஸ் கண்ட்ரோல் நின்றுவிடும். பல்பின் இழை வழியே மின்பாதை முழுமையாக இருக்கிறதா என்று அது சோதிப்பதே காரணம். கார்க்காரர்கள் இதைக் குறைசொல்வார்கள். நானோ பாராட்டுவேன். ஐயம் வந்தால் ஒதுங்கிக்கொள்ளத் தெரிந்த கருவி அது.

மிதிச் சுவிட்சே பழுதானால்? அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் இந்தக் கேள்வியைக் கேட்டது. பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் இன்னொரு சுவிட்சைப் பல வண்டிகளில் துணையாக வைத்தது. நல்ல யோசனைதான். ஆனால் அந்த இரண்டாவது சுவிட்சு பழுதானால் என்ன ஆகும்? எண்ணெய்க்கும் மின்முனைகளுக்கும் இடையே மெல்லிய ஏடுதான் தடுப்பு. அது விரிசல்விட்டபோது எண்ணெய் கசிந்தது, மின்முனைகள் அரித்தன, சூடேறித் தீப்பற்றியது. சாவியை எடுத்த பிறகும் சுவிட்சுக்கு மின்சாரம் வந்துகொண்டே இருந்ததால், நிறுத்திவைத்த வண்டிகள்கூட எரிந்தன. 1999 முதல் 2009 வரை 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை நிறுவனம் பழுதுபார்க்கத் திரும்ப அழைத்தது.

குறைந்த மின்னோட்டத்திலேயே உருகிவிடும் பியூஸ் கொண்ட ஒரு சிறு கம்பி இணைப்பை இடையில் சேர்த்தார்கள். அவ்வளவுதான் பரிகாரம். நிற்கிற வண்டியில் வேகத்தைக் காக்கும் அமைப்புக்கு மின்சாரம் எதற்கு என்று வரைபடத்தைப் பார்த்த எவராவது முதலிலேயே கேட்டிருக்கலாம்.